வெல்டிங் அண்ணையும் நூற்றாறும்

மெல்பேர்னில் வெல்டிங் அண்ணையிடம் திட்டு வாங்காத தமிழன் ஒருவன் இருந்தால், அவன் இன்னும் விமானத்தை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம். இத்தனைக்கும் அண்ணை வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை. சிறுவயதிலேயே காது கேளாமல் போனவர். சட்டைப்பையில் ஒரு கொப்பி இருக்கும். அதில் எழுதித்தான் திட்டுவார். கோபம் கூடினால் அடிக்கோடு மூன்று தரம் விழுந்து பக்கமே கிழிந்துபோகும்.

நகரின் மேற்கு ஓரம், ட்ருகனினாவில் அவர் எங்களுக்குப் பக்கத்து வீடு. 2010இல் பட்டப்பகலில் வாசலில் நின்ற அவருடைய வான் வண்டியை உடைத்து வெல்டிங் சாமான்களை அள்ளினார்கள். அண்ணை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் கைத்தொலைபேசி இருந்தது. என்ன பயன்? அவசர எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது, வாயால்தான் பேசவேண்டும். மாலையில் கொப்பியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்: "பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாம், பொலிசுக்கு அனுப்ப முடியாது. இது என்ன நாடு?"

பிறகு, கேளாதவர்களுக்கென்றே நூற்றாறு என்ற அவசர எண் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்கு வீட்டுத் தொலைபேசி வயரில் பூட்டும் தட்டச்சு இயந்திரம் வேண்டும். ஒன்றை அடித்துவிட்டு, எழுத்தில் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அண்ணைக்குக் காத்திருக்கும் பழக்கம் மட்டும் கிடையாது.

அதே இயந்திரத்தால் என்னையும் அழைப்பார். அவர் அடிப்பதை, நடுவில் தொலைபேசிச் சேவையில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்கு வாசிப்பாள். "என் ஏணியை இரவல் வாங்கி ஆறு கிழமை, உனக்கு வெட்கம் இல்லையா?" என்று தேனொழுக ஆங்கிலத்தில் கேட்பாள்.

"ஏணியைக் குடுத்துத் துலையுங்கோவன்," என்பாள் என் மனைவி. "அந்தப் பிள்ளை பாவம், வாசிச்சே களைச்சுப் போச்சு."

ஒரு செவ்வாய் மத்தியானம் இரண்டு பேர் எங்கள் பின்கதவை நெம்பினார்கள். உள்ளே இரவு வேலை முடித்த மனைவி தனியே தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணை கண்டுவிட்டார். நூற்றாறுக்கு விலாசத்தை அடித்தார். "உள்ளே பெண் தனியே" என்றும் அடித்தார். "நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேள்வி வந்தபோது கதிரையில் ஆள் இல்லை. சுத்தியலோடு எங்கள் முற்றத்தில் நின்றார். கள்ளர்கள் வேலி பாய்ந்து ஓடிவிட்டார்கள்.

வந்த பொலிஸ்காரர் இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "சுத்தியலைப் போடு!" என்று கத்தியிருக்கிறார்கள். கேட்டால்தானே போடுவதற்கு? புல்லில் குப்புற விழுத்தி விலங்கு மாட்டினார்கள். நூற்றாறில் அழைப்பவர் கேளாதவர்தானே! அந்த ஒரு சொல்லைக் காரில் வந்தவர்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதும் கைகளைப் பின்னால் பூட்டிவிட்டு, "ஏன் பதில் சொல்லவில்லை?" என்று கேட்டார்களாம். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சத்தத்தில் எழும்பிய மனைவி ஓடிவந்து கத்தினாள்: "விடுங்கோ அவரை! அவர்தான் உங்களைக் கூப்பிட்டவர்!" பதற்றத்தில் எல்லாம் தமிழ். பிறகுதான் ஆங்கிலம் வந்தது.

நான் வேலையிலிருந்து ஓடிவந்து சேர்ந்தபோது ஒரு பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார், "இவருக்கு நாங்கள் சொல்வது விளங்குமா?"

"உங்களைவிட நல்லா விளங்கும்," என்றேன்.

விலங்கு கழன்றதும் அண்ணை கொப்பியை எடுத்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. பொலிசுக்கு இன்று இருக்கிறது என்று ஆசையோடு காத்திருந்தேன். அவர் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதி என் மனைவியிடம் நீட்டினார்: "பயந்துவிட்டாயா, தங்கச்சி?"

கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், அவள் இப்போது ஒன்றைக் கூட்டித்தான் சொல்கிறாள்.