காசோலைகளும் இருப்புத் தொகைகளும்

"அமெரிக்க அதிபர் காசோலையில் கையெழுத்திடுவார். கணக்கில் போதிய இருப்பு உள்ளதா என்று காங்கிரஸ் சபை சரிபார்க்கும். காசோலை திரும்பி வந்தால் உச்ச நீதிமன்றம் விசாரிக்கும்."

உள்ளறையில் மகள் ரூபி உருப்போட்டுக்கொண்டிருந்தாள். கொல்லைப்புறத்தில் சவரம் செய்துகொண்டிருந்த அருள்நாதனுக்கு பிளேடு தாடையில் இறங்கிவிட்டது.

துண்டால் ரத்தத்தை அழுத்தியபடி உள்ளே வந்தார். "என்னம்மா படிக்கிறே?"

"அமெரிக்க அரசியலமைப்புப்பா. 'காசோலைகளும் இருப்புத் தொகைகளும்.' இருபது மார்க். போன டிசம்பர்ல அங்க ஓட்டு எண்ணுறதைக் கோர்ட்டு நிறுத்துச்சுல்ல, அதனால இந்த வருசம் கண்டிப்பா வரும்ங்கிறாங்க."

"அது தப்பு."

"எது?"

"காசோலை. இங்க செக்குன்னா பேங்க் செக்கு இல்ல. தடுத்து நிறுத்துறது. தடைகளும் சமநிலைகளும். சபை சட்டம் போட்டா அதிபர் வேணாம்னு திருப்பி அனுப்பலாம். மூணுல ரெண்டு பங்கு பேர் சேந்தா அவரையும் மீறி சபை நிறைவேத்தலாம். எல்லாரும் சேந்து போட்ட சட்டத்தைக் கோர்ட்டு செல்லாதுன்னு சொல்லலாம். அந்த ஜட்ஜை நியமிக்கிறது அதிபர், சரின்னு தலையாட்ட வேண்டியது மேல்சபையான செனட். ஒருத்தர் குடுமி இன்னொருத்தர் கையில."

"நம்ம வீட்ல அம்மா மாதிரியா?"

"அம்மா குடுமி யார் கையிலயும் இல்ல. இது வேற."

ரூபி புத்தகத்தைப் புரட்டினாள். "அப்ப இதுல இருக்கிறது?"

"அச்சுப் பிழை."

"ரெண்டரைப் பக்கத்துக்கா?"

அருள்நாதன் தாடையைத் துடைத்தார். அட்டையில் 'பேராசிரியர் பொன்மாறன், எம்.ஏ., எம்.ஃபில்.' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பொன்மாறன் அவர்தான்.

வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில், வரலாற்றுத் துறையில். ஆசிரியர்கள் கைடு எழுதினால் வேலை போகும் என்பது அங்கே விதி. ஆகவே நாலு வருடத்துக்கு முன்னால் புனைபெயரில் இருபதே நாளில் எழுதித் தள்ளினார். வீட்டிலும் மூச்சு விடவில்லை. மனைவி செபஸ்தியம்மாள் காதில் ஒன்று விழுந்தால் ஞாயிறு பூசை முடிவதற்குள் மேட்டுப்பட்டி முழுக்கப் போய்விடும். கல்லூரி முதல்வரும் அதே மாதா கோயிலுக்குத்தான் பூசைக்கு வருகிறார்.

அரசியல் பாடம் அவருக்குத் தெரியாது. செக்கும் பேலன்ஸும் தெரியும். பாஸ்புக் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்ததுதானே என்று ரெண்டரைப் பக்கம் கற்பனை ஓட்டினார். டிசம்பரில் அந்த ஓட்டு வழக்கைப் பற்றி நூலகத்தில் படித்தபோதுதான் உண்மை உறைத்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நாலு வருடமாக ஊரார் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் அவர் தாடையில் பிளேடு பட்டதில்லை.

இப்போது ரூபி. அவளுக்கு பி.எட். இடம் கிடைத்திருந்தது. ஜூனில் பட்டத்தைக் காட்டினால்தான் நிலைக்கும். மற்றப் பாடங்களில் பயமில்லை. அரசியலில் மட்டும் எந்தத் தேர்விலும் நாற்பத்தெட்டைத் தாண்டியதில்லை. நாற்பதுதான் பாஸ். இருபது மார்க் கேள்வி கவிழ்ந்தால் இடமும் கவிழும்.

அன்றே பேகம்பூருக்கு சைக்கிளை மிதித்தார். பதிப்பகம் வைத்திருக்கும் அப்துல் வாஹித் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பழனி, ஆயக்குடி வரைக்கும் புத்தகம் போயிருச்சு சார். இப்ப வந்து சொல்றீங்க."

"ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு அனுப்புங்க பாய். கடைக்காரங்க ஒட்டிக் குடுக்கட்டும்."

"ஆதியில நீங்க எழுதிக் குடுத்தது என்ன? 'செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்'னு தமிழ் எழுத்துல எழுதியிருந்தீங்க. இதை அடிச்சா கடைக்காரன் பிளாஸ்டிக் கவர் போட்டுல்ல விப்பான்னு நாந்தான் மாத்தச் சொன்னேன். மாத்துறதுன்னா சரியா மாத்த வேணாமா?"

சீட்டு அச்சாயிற்று. 'முக்கியம்: காசோலை என்பதைத் தடை என்றும், இருப்பு என்பதைச் சமநிலை என்றும் திருத்தி வாசிக்கவும்.'

'முக்கியம்' என்றால் மாணவர்களுக்கு ஒரே அர்த்தம்தான், கேள்வி வரும். இரண்டே நாளில் பஸ் ஸ்டாண்டில் பையன்கள் உருப்போடுவதை அருள்நாதன் காதால் கேட்டார்.

"அமெரிக்க அதிபர் தடையில் கையெழுத்திடுவார். போதிய சமநிலை இல்லாவிட்டால் தடை திரும்பி வரும். திருத்தி வாசிக்கவும்."

காசோலையாக இருந்தபோதாவது அதில் ஒரு பொருள் இருந்தது.

மற்றவர்கள் எப்படியோ போகட்டும் என்று ரூபியை உட்காரவைத்து, முதலிலிருந்து நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

தேர்வு வந்தது. கேள்வியும் வந்தது.

"எழுதினியாம்மா?"

"ஒரு எழுத்து விடாம எழுதிட்டேன்ப்பா."

அருள்நாதன் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். வெஞ்சனத்தை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நிம்மதி ஒரு வாரம்தான். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அந்த வருடம் தலைமை அவருடைய கல்லூரியின் அரசியல் துறைத் தலைவர் சோலைமுத்து. வரலாற்றுத் தாள் திருத்தப் போன அருள்நாதன் எட்டிப் பார்த்தபோது, அவர் மேசை மேல் பொன்மாறன் கைடு விரித்தபடி கிடந்தது.

"இதை வச்சா சார் திருத்துறீங்க?"

"பின்ன? ஆளாளுக்கு ஒரு மாதிரி மார்க் போட முடியுமா? ஆனா எவனோ ஒரு விஷமி இதுல சீட்டு ஒட்டி விட்டிருக்கான் பாருங்க. தடைங்கிறான், சமநிலைங்கிறான். தடைன்னு எழுதினவனுக்கெல்லாம் சைபர் போடச் சொல்லிட்டேன்."

அருள்நாதன் குரலைத் தாழ்த்தினார். "தடைதான் சரின்னு படிச்சேன் சார்."

"நீங்க ஹிஸ்டரி. அக்பர், அசோகரோட நிறுத்திக்கங்க. பொன்மாறன் யாருன்னு தெரியுமா? மெட்ராஸ்ல ஒரு கருத்தரங்குல என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. நல்ல சிவப்பு. ஆறடி இருப்பாரு."

ஐந்தடி மூன்றங்குலமும் அட்டைக் கறுப்புமான பொன்மாறன் நிமிர்ந்து நின்றார். "நான்தான் சார் பொன்மாறன்."

சோலைமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல வந்தீங்களா? மோர் சொல்லவா?"

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அருள்நாதன் மறுபடி பேகம்பூருக்கு மிதித்தார். அப்துல் வாஹித் பரணிலிருந்து கையெழுத்துப் பிரதியை இறக்கினார், ஆனால் கையிலிருந்து விடவில்லை.

"சார், இது வெளிய போச்சுன்னா உங்க வேலை போயிரும்."

"என் பொண்ணு சரியா எழுதியிருக்கா பாய். சரியா எழுதினதுக்கு சைபர் வாங்கணுமா?"

"நாலு வருசமா தப்பா எழுதினவன்லாம் ஃபுல் மார்க் வாங்கினானே, அப்ப வந்து நீங்க இதைக் கேக்கலையே."

அருள்நாதன் தலைகுனிந்தபடி அந்தக் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டார்.

கையெழுத்தைப் பார்த்ததும் சோலைமுத்து இறங்கி வந்தார். "பொன்மாறனே தப்புங்கிறாருன்னா தப்புதான். அதுக்கு மேல அப்பீல் ஏது?" அந்த நிமிடமே உத்தரவு மாறியது. அதிபர் தடுப்பது, சபை மீறுவது என்று ஒழுங்காக விளக்கியவர்களுக்கு மட்டும் மார்க். காசோலை என்று கண்டால் சைபர்.

அருள்நாதன் மூச்சு விட்டார். சோலைமுத்துவோ, தான் நாலு வருடமாகத் திருத்திய லட்சணம் வெளியே வருமுன் முந்திக்கொள்ள, அதே கட்டை எடுத்துக்கொண்டு நேரே முதல்வரிடம் போனார்.

மறுநாள் முதல்வர் ஆண்டனிராஜ் கூப்பிட்டு அனுப்பினார். எதிரே நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"உங்க மேல புகார் வந்திருக்கு."

"யார் குடுத்தது சார்?"

"நான். நிர்வாகத்துக்கு நாந்தான எழுதணும்."

"விசாரிக்கிறது?"

"நாந்தான். ஒரு நபர் குழு."

"தீர்ப்பு?"

"காலையிலயே டைப் அடிச்சாச்சு. நீங்களா ராஜினாமா எழுதிக் குடுத்தா வெளிய ஒண்ணும் தெரியாது. மேல்முறையீடு பண்ணணும்னா பண்ணலாம். அதையும் எங்கிட்டதான் குடுக்கணும்."

"சார், அமெரிக்காவுல சட்டம் போடுறவரு, நடத்துறவரு, தீர்ப்பு சொல்றவரு மூணு பேரும் வேற வேற ஆளு."

"அங்க ஆள் அதிகம்," என்று முதல்வர் பேனாவை நீட்டினார்.

பதினெட்டு வருட வேலை நாலு வரியில் முடிந்தது. மே மாதம், கல்லூரி விடுமுறை. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரூபியின் ரிசல்ட் வரட்டும், அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாகப் பொன்மாறன் கதையையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். வேலை போனதை நினைக்கும்போதெல்லாம், தன் கைத் தப்பிலிருந்து மகளையாவது காப்பாற்றியாயிற்று என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

ஜூன் முதல் வாரம் ரிசல்ட். ரூபி தன் கல்லூரிப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அரசியல் இருபத்தெட்டுப்பா. அந்த இருபது மார்க் கேள்விக்கு ஒண்ணுமே விழலை போல."

அருள்நாதன் அவளை வெறித்துப் பார்த்தார். "எப்படிம்மா? ஒரு எழுத்து விடாம எழுதினேன்னியே?"

"ஆமாப்பா. ஒரு எழுத்து விடலை."

அடுப்படியிலிருந்து காபியோடு வந்த செபஸ்தியம்மாள் டம்ளரை அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"பிள்ளைய ஏன் முறைக்கிறீங்க? நாந்தான் சொன்னேன், உங்கப்பா ஹிஸ்டரி, அவருக்கு இதுல என்ன தெரியும், பொன்மாறன் எம்புட்டுப் பெரிய படிப்பாளி, அவரு எழுதுன காசோலையவே ஒரு எழுத்து விடாம எழுதிட்டு வாடின்னு."