ஒருமனதாக இணைக்கப்பட்ட டிஸ்க்

லில்லாவிக் நகராட்சிக்கு உட்பட்ட வீடுகளின் முப்பது வருடத்துக் கட்டட அனுமதிகள் அத்தனையும் ஒரு பழைய டிஸ்க் பெட்டியில் இருந்தன. செப்டம்பரில் அந்தப் பெட்டி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கணினிப் பிரிவில் இருந்த ஒரே ஆளான ஹில்லெவி உடனே ஒரு புதுப் பெட்டி வாங்கினாள். அதை ஈதர்நெட் கம்பி வழியாக எந்த முறையில் இணைப்பது என்பது மட்டும்தான் பாக்கி. ஐஸ்கசி என்ற முறையில் ஒரே ஒரு கணினியோடு இணைத்து, மற்றவர்கள் அந்தக் கணினியிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை. பழைய பெட்டி செத்தால் ஊருக்கே அனுமதி இல்லாமல் போகும், பழி தன் தலையில்தான் விழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் லில்லாவிக்கில் யாரும் முடிவெடுப்பதில்லை. சம்பந்தப்பட்ட எல்லாப் பிரிவுகளுக்கும் கருத்துக்கேட்பு அனுப்பி, காபியும் இலவங்கப்பட்டை பன்னும் வைத்து, ஒருவர்கூட மறுக்காத நிலை வரும்வரை கூட்டம் போடுவார்கள். நிர்வாகத் தலைவர் சிக்ஸ்டனைக்கூட எல்லோரும் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். எல்லோரும் சமம் என்பதால் பொறுப்பும் சமமாகப் பிரிந்து, கடைசியில் ஒருவர் பங்குக்கும் ஒன்றும் வராது.

நவம்பரில் ஐந்தாவது கூட்டம்.

"இந்த ஐஸ்கசி பாஸ்வேர்டு கேக்குமாமே," என்றார் முதியோர் நலப் பிரிவின் ஊல்ரிகா. "நம்ம ஆளுங்களையே நம்பாதா அது?"

"நம்பக் கூடாதுன்னுதான் கேக்குது," என்றாள் ஹில்லெவி.

"என்ன பேச்சு இது. எங்களுக்கு ஏஓஇங்கற இன்னொரு முறை போதும். பாஸ்வேர்டும் இல்ல, கேள்வியும் இல்ல."

"அது இந்தக் கட்டடத்தைத் தாண்டாதே," என்றார் பூங்காப் பிரிவின் யெர்கர். "எங்க ஆபீஸ் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கு. எங்களை ஒதுக்கி வைக்கிறீங்களா? எங்களுக்கு என்பிடிங்கற மூணாவது முறையைக் குடுங்க."

"என்பிடி எதுக்கு?" என்றாள் ஹில்லெவி.

"அதை வேற யாருமே கேக்கல. பாவமா இருந்துச்சு."

சிக்ஸ்டன் மிகுந்த திருப்தியோடு பன்னைக் கீழே வைத்தார். "மூணுமே சரிதான். அனுமதி குடுக்கற திட்டப் பிரிவுக்கு ஐஸ்கசி, ஊல்ரிகாவுக்கு ஏஓஇ, யெர்கருக்கு என்பிடி. டிஸ்க் மட்டும் எல்லாருக்கும் பொது."

"சிக்ஸ்டன், அப்படிக் குடுக்கவே கூடாது. மூணு கம்ப்யூட்டரும் அந்த டிஸ்க் தன்னோடது மட்டும்தான்னு நெனச்சுக்கும். ஒண்ணு எழுதினது மேலயே இன்னொண்ணு எழுதிடும்."

"நாமளும்தான் ஒரே மேசையில சாப்பிடறோம். யாராவது அடுத்தவன் தட்டுல கை வச்சோமா?" சிக்ஸ்டன் குரலைத் தாழ்த்தினார். "ஹில்லெவி, நீ எதிர்க்கிறியா?"

எல்லோரும் பன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். லில்லாவிக்கில் திருடியவனோடு காபி குடிப்பார்கள். எதிர்த்தவனோடு குடிக்க மாட்டார்கள். அவளுக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

"எதிர்க்கல," என்றாள். "சும்மா சொன்னேன்."

கூட்டக் குறிப்பில் 'ஒருமனதாக' என்று ஏறியது.

ஆவணங்களைப் புதுப் பெட்டிக்கு மாற்றியபோது ஒரு சின்ன டிஸ்க்கிலும் தனியாக நகல் எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் கருத்துக்கேட்பு அனுப்புவார்கள். பழைய பெட்டி சுற்றுச்சூழல் கொள்கைப்படி நொறுக்கப்பட்டது.

இணைத்த நான்காம் நாள் தேவாலயத்தின் வரைபடத்தில் பூங்காவின் வாத்துக் குளம் வந்தது. ஐந்தாம் நாள் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. விசாரணைக் குழு கூடி, மூன்று முறைகளும் தனித்தனியே மிகச் சிறப்பாகச் செயல்பட்டன என்றும், தவறு எவர் மீதும் இல்லை என்றும் கண்டறிந்தது. பிறகு அறிவிப்பு வெளியானது: 'குடிமக்கள் நேரில் வந்து, தங்களுக்கு எந்தெந்த அனுமதிகள் இருந்தன என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

வாசல்வரை வரிசை நின்றது. ஊல்ரிகாவுக்கு மூன்றாம் மாடி கட்ட அனுமதி இருந்ததாம். இல்லை என்று காட்ட நகராட்சியிடம் துண்டுக் காகிதம்கூட இல்லை. முத்திரை விழுந்துகொண்டே இருந்தது.

ஹில்லெவிக்குப் பொறுக்கவில்லை. சின்ன டிஸ்க்கை எல்லோர் முன்னாலும் எடுத்து நீட்டிவிடுவது என்று தீர்மானித்தாள். அதற்கு முன் நகல் சரியாக இருக்கிறதா என்று தன் கணினியில் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது, ஒரு வரி கெடாமல். எல்லோரும் செய்வதுபோல முதலில் தன் வீட்டு முகவரியைத்தான் தேடினாள். 'கண்ணாடி வராந்தா. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.'

 டிஸ்க்கை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற யெர்கர் திரும்பினார். ஏரிக்கரையிலேயே நீராவிக் குளியலறை கட்டத் தனக்கு அனுமதி இருந்ததாகச் சொல்ல, அதைப் படமாக வரைந்து கையில் வைத்திருந்தார். "உனக்கு என்ன இருந்துச்சு?"

"கண்ணாடி வராந்தா," என்றாள் ஹில்லெவி. கொஞ்சம் யோசித்தாள். "மாடியிலயும் ஒண்ணு."