மாப்பிள்ளைக்குத் தினம் இரண்டு ஊசி

உ
சங்கரன்கோவில்
ஐப்பசி 14

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை இசக்கித்துரை அவர்களுக்கு,

மாமனார் வேல்சாமி ஆசியுடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் இந்த வீட்டில் யார் யார் நலம் என்பதில் இப்போது கொஞ்சம் குழப்பம் இருப்பதால் அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் இந்தப் பக்கம் உங்கள் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அந்தப் பக்கம் தேன்மொழி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். ஆகையால்தான் உங்கள் புனே ஆபீஸ் விலாசத்துக்கு, உங்கள் கையில் மட்டும் கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். போன வாரம் உங்கள் தாயார் புளியங்குடியிலிருந்து உங்களுக்குப் போன் போட்டு, "எய்யா, இந்த வயசுல உனக்குச் சுகராமே, தினம் ரெண்டு ஊசியாமே" என்று அழுதார்கள் அல்லவா, அதற்கு நான் பொறுப்பல்ல. நீங்கள் விட்டுப்போன பூனையும், அதற்கு நீங்கள் வைத்த பெயரும், உங்கள் அத்தையின் நாக்கும்தான் பொறுப்பு. அடுத்தது, இந்த மாதம் முடிவதற்குள் நீங்கள் நேரில் வந்து மேற்படி பூனையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். என்னால் முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து எத்தனையோ டிரைவர் கண்டக்டர்களை மேய்த்தவன், நாலு கிலோ பூனையிடம் தோற்றுப்போனேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சித்திரையில் உங்களுக்கு மாற்றலாகி, அங்கே குடியிருப்பில் பூனை வளர்க்கக் கூடாது என்றதும், தேன்மொழி அதைக் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். "பேரு மஃபின்ப்பா, ரெண்டு வேளை ஒரு கைப்பிடி தீவனம் போட்டாப் போதும்" என்றாள். உங்கள் அத்தைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. மப்பின் என்றாள், மாப்பி என்றாள், இரண்டாவது வாரம் 'மாப்பிள' என்று வந்து நின்றது. பெயர் அப்படி ஆனதும் உபசாரமும் அப்படியே ஆகிவிட்டது. "மாப்பிள வீட்டுப் பூனை நம்ம வீட்டுக்கு வந்து மெலிஞ்சு போச்சுன்னு ஒரு சொல்லு வரலாமா?" என்று காலையில் பால் சோறு, மத்தியானம் நெய் விட்ட சோறு, சாயங்காலம் பால்கோவா. கல்யாணமான புதிதில் உங்களுக்கு நடந்த விருந்து ஞாபகம் இருக்கும். நீங்களாவது நாலாம் நாள் லீவு இல்லை என்று சொல்லித் தப்பித்து ஓடினீர்கள். பூனைக்கு ஆபீஸ் இல்லை. போதாததற்கு எதிர்வீட்டு ஆமினாள் மதினி வெள்ளிக்கிழமைதோறும் பிரியாணிக் கறியைப் பிய்த்துப் பிய்த்துச் சுவரோரம் வைத்தார்கள். அதையும் ஒரு துணுக்கு விடாமல் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பட்டினி கிடந்த மாதிரி கத்தும்.

ஆவணியில் பார்த்தால், உருண்டு திரண்டு கிடந்த பூனை திடீரென்று இளைக்கிறது. ஆனால் தீனி குறையவில்லை. தண்ணீர்க் குடத்தில் தலையை விட்டுக் குடிக்கிறது, குடித்ததையெல்லாம் கொண்டுபோய் என் பென்ஷன் காகிதப் பையின் மேல் இறக்கிவைக்கிறது. ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் கால்நடை டாக்டரம்மா ஜாய்ஸிடம் தூக்கிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருத்தர் ரெண்டு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், பூனைக்குச் சுகர். முந்நூத்தித் தொண்ணூறு இருக்கு. காலையில ஏழு, சாயங்காலம் ஏழு, சாப்பிட வச்சுட்டு ஒரு யூனிட் இன்சுலின் போடணும்" என்றதும் அந்த ஆட்டுக்காரர் எழுந்து வந்து, ஏதோ பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி பூனையை ஒரு பார்வை பார்த்தார். உங்கள் அத்தை பூனையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அவள் ஏன் பார்த்தாள் என்பது உங்களுக்கே தெரியும். எனக்குப் பதினோரு வருஷமாய்ச் சுகர். மாத்திரை போதாது, இன்சுலினுக்கு மாறுங்கள் என்று ரெண்டு வருஷத்தில் மூன்று டாக்டர்கள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஊசி என்று ஆரம்பித்துவிட்டால் மனுஷன் நோயாளி ஆகிவிடுவான் என்பது என் கொள்கை. யாராவது கேட்டால் 'நூத்தி நாப்பதுதான்' என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

ஆனால் பூனைக்குக் கொள்கை கிடையாதே, போட்டுத்தானே ஆக வேண்டும். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அதற்குள் ஊசியை விட வேண்டும். முதல் நாள் இந்தப் பக்கம் குத்தினது அந்தப் பக்கம் வந்து, மருந்து முழுக்க என் வேட்டியில் இறங்கியது. இரண்டாம் நாள் என் இடது கட்டைவிரலில் ஏறியது, நல்லவேளை மருந்தை அழுத்துவதற்குள் கத்திவிட்டேன். மூன்றாம் நாள் உங்கள் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பிடிச்சுட்டேன், போடுங்க, போடுங்க" என்கிறாள். பார்த்தால் அவள் பிடித்திருப்பது தலையணை. பூனை பீரோ மேலே உட்கார்ந்து எங்கள் இருவரையும் வேடிக்கை பார்க்கிறது. பத்து நாள் இப்படிப் போய், சாளை மீனை அவித்து முன்னால் வைத்தால் அது தின்கிற ருசியில் குத்துவது தெரிவதில்லை என்று கண்டுபிடித்தேன். இப்போதெல்லாம் அதுவே ஆறு ஐம்பத்தைந்துக்கு வந்து ஃபிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. என் சர்வீஸில் இப்படி நேரம் தவறாத ஒரு டிரைவரை நான் கண்டதில்லை. உங்கள் அத்தைக்கு ஊசியைப் பார்க்க மனசு தாங்காது என்பதால், ஏழு மணிக்குக் காலையில் பாலுக்கும் சாயங்காலம் கோவிலுக்கும் அவளை அனுப்பிவிடுகிறேன். இன்னொன்று, பத்து ஊசி உள்ள பாக்கெட் முன்பெல்லாம் அஞ்சு நாள் வரும். இந்த ஒரு வாரமாய் ரெண்டரை நாளில் தீர்ந்துவிடுகிறது. கம்பெனிக்காரன் எண்ணிக்கையில் குறைக்கிறானோ என்னவோ.

எனக்கு வெளியூர் என்பதே இல்லாமல் போனது. வாசுதேவநல்லூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போய், இலை போடுகிற நேரத்தில் "மாப்பிளைக்கு ஊசி போடணும்" என்று எழுந்து வந்துவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. உங்கள் அத்தையோ, பூனை தானாக வரப் பழகும்வரை, தினம் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி, "மாப்பிள, வாங்க, ஊசிக்கு நேரமாச்சு" என்று மரியாதையோடு கூப்பிடுவாள். தெரு என்ன நினைக்கும்? அந்தப் பேச்சு பஸ் ஏறிப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து உங்கள் தாயார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. உங்களுக்குப் போன் போட்டு அழுத கையோடு, நீங்கள் "எனக்கு ஒண்ணுமில்லைம்மா" என்று சொன்னதையும் நம்பாமல், நாவற்கொட்டைப் பொடி ஒரு டப்பா எடுத்துக்கொண்டு பத்து நாற்பது வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள்.

"நல்லாருந்த பிள்ளைய விருந்து வச்சு விருந்து வச்சே இப்பிடி ஆக்கிட்டீயளே!" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்கள். உங்கள் அத்தையும் ஆறுதலாகத்தான் பேசினாள். "அழாதீய மதினி, இப்ப தேவலை. மீனைத் தின்னுட்டு அடுப்படில படுத்துத் தூங்குதாக."

"அடுப்படியிலயா? புனேயில இருந்து எப்ப வந்தான்?"

"அவுக வந்து ஆறு மாசமாச்சே."

உங்கள் தாயார் பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. சம்பந்தியம்மா பூனையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள் பாருங்கள், ஆமினாள் மதினி எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு. போகும்போது நாவற்கொட்டைப் பொடியை என் கையில் கொடுத்து, "அண்ணே, நீங்க சாப்பிடுங்க, உங்க முகமும் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி எழுதப் போவதை நீங்கள் படித்ததும் கிழித்துவிட வேண்டும். புரட்டாசியில் ஒரு நாள் காலை பூனை மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் உட்கார்ந்திருந்தது. மணி ஏழு. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதிய புத்தி, ஊசியைப் போட்டுவிட்டேன். சாப்பிடாத உடம்பில் இன்சுலின் போடக் கூடாது என்று டாக்டரம்மா நூறு தடவை சொல்லியிருந்தார். ஒன்பதரைக்குப் பூனை எழுந்து நடந்தது, பின்னங்கால் பின்னிக்கொண்டு சுவரில் போய் முட்டியது, அப்படியே சாய்ந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், "சுகர் இறங்கிட்டு சார். இனிப்பா ஏதாவது கரைச்சு ஈறுல தடவிட்டு உடனே தூக்கிட்டு வாங்க" என்கிறார். எனக்குப் பயந்து வீட்டில் சீனி டப்பாவையே ஒளித்து வைத்திருக்கிறாள் உங்கள் அத்தை. எங்கே வைத்தோம் என்று அவளுக்கே பதற்றத்தில் மறந்துவிட்டது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை மாப்பிள்ளை. ஸ்கூட்டர் சீட்டைத் திறந்து, ரெயின்கோட்டுக்கு அடியில் இருந்த கருப்பட்டியை எடுத்து வந்து வெந்நீரில் கரைத்து ஈறில் தடவினேன். கருப்பட்டி அங்கே எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மடியில் வைத்துக்கொண்டு "மாப்பிள, மாப்பிள" என்று நான் கூப்பிட்ட கூப்பாட்டை நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தலையைத் தூக்கி என் விரலை நக்கியது. அங்கே ஆட்டுக்காரர்கள் முன்னால் நான் அழுதுவிட்டேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அதற்குப் பிறகுதான் மெஷின் வாங்கி, தினம் அதன் சுகரைப் பார்த்து நோட்டில் குறித்து, சனிக்கிழமைதோறும் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. அனுப்புவது உங்கள் அத்தை. பூனையைக் குத்துகிறோமே என்று ஒரு நியாயத்துக்காக நானும் என் விரலைக் குத்திப் பார்த்து, அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதிவந்தேன். டைம் கீப்பர் தன் கைப்பட எழுதும் ரிஜிஸ்டரில் பொய் எழுதக் கூடாது. ஆகையால் தின்றதையும் எழுதினேன். திங்கள் 388, மத்தியானம் பூந்தி. செவ்வாய் 402, பஸ் ஸ்டாண்டில் பழைய ஆட்களோடு அல்வா, மேலுக்குக் காராச்சேவு. இப்படி. ரெண்டு சனிக்கிழமைக்கு முன்னால் உங்கள் அத்தை தவறுதலாகப் பின்பக்கத்தை அனுப்பிவிட்டாள்.

ஐந்தே நிமிஷத்தில் போன். "இந்தப் பூனைக்கு யாரு சார் அல்வா குடுக்கது? பூனை காராச்சேவு திங்குமா?" உங்கள் அத்தை பக்கத்தில் நிற்கிறாள். வேறு வழியில்லாமல், "ஆமா டாக்டர், திங்கும்" என்றேன். "இப்படியே போனா முதல்ல கண்ணு போகும், அப்புறம் காலு, அப்புறம் கிட்னி. வாயில்லா ஜீவனுக்குத் தெரியாது சார், உங்களுக்குமா தெரியாது? உங்களை நம்பித்தானே அது இருக்கு?" என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பூனை என் கால்மாட்டில் வந்து படுத்துக்கொண்டது.

பூனையின் சீட்டில் சொந்தக்காரர் என்று உங்கள் நம்பர்தான் இருக்கிறது. டாக்டரம்மா உங்களுக்குப் போன் செய்து கேட்டால், தயவு செய்து, எங்கள் பூனை சின்ன வயசிலிருந்தே காராச்சேவு தின்னும் என்று சொல்லிவிட வேண்டும். தேன்மொழிக்கு இந்த 402 தெரியவே கூடாது. எனக்கு ஊசியெல்லாம் தேவைப்படாது. காலையில் பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், அதுவே போதும். ஆனால் பூனையை மட்டும் வந்து அழைத்துப் போங்கள். இன்னொரு தடவை அது என் மடியில் சாய்ந்தால் தாங்குகிற நெஞ்சு எனக்கு இல்லை.

தள்ளி வைத்த வரியை இப்போது எழுதுகிறேன்: இங்கே எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொள்வோம், உங்கள் நலமறிய ஆவல். சங்கரலிங்க சாமியும் கோமதி அம்மனும் உங்களையும் தேன்மொழியையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மாமனார்
வேல்சாமி

பின்குறிப்பு: மாப்பிள, இது அத்தை செண்பகவல்லி எழுதுதேன். கவர் ஒட்டப் பசை இல்லைன்னு இவுக கடைக்குப் போயிருக்காக, அதுக்குள்ள எழுதிருதேன். ஊசிக் கம்பெனிக்காரன் ஒண்ணும் குறைக்கலை. போன புதன்கிழமை பென்ஷன் ஆபீஸுக்குன்னு சொல்லிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்காக, சீட்டு சட்டைப் பையில கிடந்துச்சு. அன்னையில இருந்து என்னையப் பாலுக்கு அனுப்பிட்டு, பூனைக்குப் போட்டுட்டு அடுத்தால தனக்கும் போட்டுக்கிடுதாக. மருந்து மோர்மிளகாய் டப்பாவுல இருக்கு. குப்பையில ரெண்டு ஊசி மூடி கிடக்க இடத்துல நாலு கிடந்தா எனக்குத் தெரியாதாக்கும். பாகற்காயை இவுக கையால தொட்டதே கிடையாது. நோட்டுல பின்பக்கத்தை நான் தெரியாம அனுப்பலை, பாத்துத்தான் அனுப்புனேன். ஸ்கூட்டர்ல கருப்பட்டியப் பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மனுச டாக்டர் மூணு பேரு சொல்லிக் கேக்காதவுக, மாட்டு டாக்டர் சொன்னாலாவது கேப்பாகளான்னு பாத்தேன். "கொஞ்சம் காரமாவே வைங்கம்மா"ன்னு ஜாய்ஸம்மாகிட்ட முன்னாலயே சொல்லியும் வச்சுட்டேன். அதனால அவங்க உங்களுக்குப் போன் பண்ண மாட்டாங்க. இவுக கேட்டா, காராச்சேவு திங்கும்னு நீங்க சொல்லிட்டதாவே இருக்கட்டும். பூனையக் கூட்டிட்டுப் போக மட்டும் வந்துராதீய. அது ஆறு அம்பத்தஞ்சுக்கு ஃபிரிட்ஜ் முன்னால வந்து உக்காந்தாத்தான் இவுகளுக்கும் நேரம் ஞாபகம் வருது. எனக்கு அவுக ரெண்டு பேரும் வேணும்.