ஆறு கார்டு, இரண்டு பவர் சப்ளை, ஒரு பெண் பார்க்கும் படலம்

மின்சாரப் பொறியியல் படித்தவள் என்பதை நான் புதியவர்களிடம் சொல்வதில்லை. படப்பையில் எங்கள் தெருக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் சிரித்துவிடுவார்கள்.

அப்போது பாப்பாவுக்கு ஒரு வயது. ஒரகடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். கணவருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட். அவருடைய நண்பர் ஊரை விட்டுப் போகும்போது ஆறு கிராபிக்ஸ் கார்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றை ஒரே கம்ப்யூட்டரில் மாட்டி ஓடவிட்டால், அது ஓயாமல் கணக்குப் போட்டு டிஜிட்டல் காசு சேர்க்கும். மைனிங் என்று பெயர். கார்டுகளை ஓர் இரும்பு ஸ்டாண்டில் வரிசையாகப் பூட்டிய கணவர், "கரண்ட்டு உன் சப்ஜெக்ட். இதுக்குக் கரண்ட்டு குடுக்குற பவர் சப்ளைய நீயே பாத்து வாங்கிடும்மா" என்றார்.

வேலையை விட்டபின் என் படிப்புக்கு வந்த முதல் வேலை. விடுவேனா? பாப்பாவின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். (கைக்கு வேறு தாள் கிடைக்கவில்லை. அடுத்த ஊசிக்குப் போனபோது நர்ஸம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார்.) கார்டுக்கு நூற்றிருபது வாட்ஸ், மற்ற பாகங்களுக்கு நூறு. ஆயிரம் வாட்ஸில் ஒரு பவர் சப்ளை போதும். ஆனால் போதும் என்பது எனக்கு எப்போதுமே போதாது. முழு மூச்சில் ஓடினால் சூடாகும். சூடானால் ஒயர் உருகும். உருகினால், தவழுகிற பாப்பா... எண்ணூற்றைம்பதில் இரண்டு வாங்கிப் பாரத்தைப் பிரித்துவிட முடிவு செய்தேன். கடைக்காரருக்கு ஐந்தாவது முறை போன் செய்தபோது அவர், "மேடம், இதுல ஒரு வெல்டிங் பட்டறையே ஓட்டலாம். ரெண்டையும் எடுத்துக்கினு நிம்மதியா இருங்க" என்றார்.

இரண்டும் ஒன்றாக ஆன் ஆக நடுவில் ஓர் இணைப்பு கொடுத்தேன். ஒரே ப்ளக்கில் இரண்டைச் செருகினால் ஆபத்து என்று ஒன்றை ஹாலிலும் இன்னொன்றை பெட்ரூமிலும் செருகினேன். கரண்ட் போய் வந்தாலும் மெஷின் தானாக ஓடும்படி கணவர் அமைத்திருந்தார். எல்லாம் பக்கா.

கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனரம்மாவும் அவர் மகள் கலையும் இருந்தார்கள். அன்று காலை ஓனரம்மா மேலே வந்தார். "சாயங்காலம் கலையப் பாக்க குன்றத்தூர்லேர்ந்து வராங்கம்மா. ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இதாச்சும் அமையணும். மேல சத்தம் கித்தம் வராம பாத்துக்க."

"பாப்பாவத் தூங்க வெச்சிடறேம்மா" என்றேன். சத்தம் என்றால் எனக்குப் பாப்பா மட்டும்தான்.

புது மெஷினை நல்ல நேரம் பார்க்காமல் ஓடவிடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. காலண்டரில் நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் என்று போட்டிருந்தது. அதே மளிகைக்கடை கொடுத்த அதே காலண்டர் கீழ் வீட்டுச் சுவரிலும் தொங்கியது என் கணக்கில் வரவில்லை.

ஐந்து மணிக்கு ஸ்டாண்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். (இரும்பில் மட்டும். படித்தவள் அல்லவா!) பாப்பாவைக் குளிப்பாட்ட கீசர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சைத் தட்டினேன். கார்டுகளிலிருந்த பன்னிரண்டு காற்றாடிகளும் ஒன்றாக 'உய்ய்ங்' என்று கிளம்பின. அடுத்த நொடி, டப்.

தெருவுக்கே கரண்ட் போயிருக்கும் என்று பால்கனிக்கு ஓடினேன். எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஏசிக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் கீழே ஹால் ஒரே இருட்டு. "வந்து ஒக்காந்ததும் இப்டி ஆவுதே, சகுனமே சரியில்லியே" என்றது ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ். சும்மா இருப்பாரா? எழுந்து போய் மெயின் சுவிட்சை ஏற்றினார். விளக்கு எரிந்தது. மாடியில் 'உய்ய்ங்'. டப். மறுபடி ஏற்றினார். 'உய்ய்ங்'. டப்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு வாசலில் நின்ற என்னை.

"இன்னாம்மா ஓடுது மேல?" என்றார் ஓனரம்மா.

"கம்ப்யூட்டரும்மா. ஆனா சேஃப்டி! ரெண்டு பவர் சப்ளை, தனித்தனி ப்ளக்கு..."

"பவர் சப்ளை சரிக்கா" என்றார் மாப்பிள்ளை. "எந்த ப்ளக்குல போட்டாலும் இந்த ஒரு மெயின்லேர்ந்துதான வருது? கீழ ஏசி, பஜ்ஜி போட கரண்ட் அடுப்பு, மேல கீசர், இதுல உங்க கம்ப்யூட்டர். இது தாங்குமா?"

கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போட்டேன். வீட்டுக்குப் போடவில்லை. "நீ என்னம்மா படிச்சிருக்க?" என்று அவருடைய அம்மா கேட்டார். பாப்பா அழுகிறாள் என்று சொல்லி மேலே ஓடினேன். (பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள்.) ப்ளக்குகளைப் பிடுங்கும்போது கீழே கலையின் குரல் கேட்டது. அழைக்காமலே அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

"அப்டித் தள்னா நிக்காதுங்க. முழுசா எறக்கிட்டு ஏத்தணும்."

"இங்க நீங்கதான் எப்பவும் ஏத்துவீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"மாசத்துக்கு ரெண்டு வாட்டி. இன்னிக்குத்தான் அஞ்சு நிமிசத்துல மூணு வாட்டி."

இருவரும் சிரித்தார்கள். விளக்கு எரிந்தது.

மூன்று நாள் பதில் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்பதைவிட, ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் என்னை அறுத்தது. நான்காம் நாள் ஓனரம்மா படியேறி வந்தார். "அவங்கம்மாவுக்கு மனசே இல்ல. பையன்தான் இந்தப் பொண்ணேதான் வேணும்னு ஒரே புடியா நிக்கிறானாம். நீ பொழச்சேம்மா" என்றார். அன்றிலிருந்து மூன்று கார்டு, ஒரு பவர் சப்ளை.

கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கிய மாப்பிள்ளை, தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். "அக்கா, மேல எல்லாம் ஆஃப் பண்ணிட்டீங்கல்ல?"

மண்டபமே திரும்பிச் சிரித்தது வீடியோவில் இருக்கிறது. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் கலை அந்தத் துண்டை எனக்கு அனுப்புகிறாள். போன முறை, எல்கேஜி போகும் என் மகளும் சேர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ மட்டும் ஏம்மா எழுந்து வீட்டுக்கு ஓடப் பாக்குற?"