நான் மாமனாரோடு வேவு பார்க்கப் போன கதை

எனக்குப் பிரமாதமாக நடிக்க வரும் என்று முப்பத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். என் விஷயத்தில் பிழைப்பே அந்த நினைப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வாரத்தில் ஐந்து நாள் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். சனிக்கிழமைகளில் நான் மிஸ்டரி ஷாப்பர். அதாவது சாதாரண வாடிக்கையாளர் மாதிரி ஒரு கடைக்குள் நுழைந்து, ஊழியர் சிரித்தாரா, எத்தனை நிமிடம் காக்க வைத்தார், கழிப்பறையில் சோப்பு இருந்ததா என்றெல்லாம் வேவு பார்த்துவிட்டு, வெளியே வந்து படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பி வைப்பது அந்தக் கடையின் முதலாளியேதான். விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று கையெழுத்துகூட வாங்கிக்கொள்வார்கள். பையனின் பள்ளிக் கட்டணம் என் சம்பளத்தைவிட வேகமாக வளர்ந்ததால் வந்த உபதொழில் இது.

என் கூட்டாளி என் மாமனார். அரசு அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிழை திருத்தியவர். மாமியார் காலமான பிறகு ஆஸ்டின் டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டு, எங்கள் பதினான்காம் மாடி ஃப்ளாட்டுக்கு வந்தார். நாங்கள் காலை எட்டுக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். பையனும் பள்ளி, டியூஷன் என்று ஓடிவிடுவான். அதுவரை வீட்டில் அவரும் டிவியும்தான். அதனால் சனிக்கிழமை வேவு என்றால் வெள்ளிக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவார். செருப்புக் கடையில் ஒன்பது ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்ப்பா" என்று முகம் மாறாமல் எழுந்து வந்த பெரிய கலைஞர். (ஒரு ஓட்டலில் மட்டும் மெனு அட்டையின் எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்து என்னை மாட்டிவிட்டார்.)

அந்தச் சனிக்கிழமை வந்தது ஒரு முதியோர் இல்லம். பெரியவரைச் சேர்க்க வந்த குடும்பம் மாதிரி நடிக்க வேண்டும், ஊழியர்கள் பெரியவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"வேணாம் மாமா, இதை விட்டுடலாம்."

"ஏம்மா, நடிப்புதானே? வா, ஒத்திகை பாப்போம்."

கண்ணாடி முன்னால் நின்று வசனம் பேசினேன். "பகல்ல வீட்ல யாருமே இல்லைங்க. தனியா விட பயமா இருக்கு. எங்களால கூட இருந்து பாத்துக்க முடியல."

"முடியலன்னு சொல்றப்ப வாட்ச்சைப் பாக்காதே. நிஜம்னு நெனச்சுக்கப் போறாங்க," என்று திருத்தினார். விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வசனத்தில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியது இல்லை என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

இல்லத்தின் வரவேற்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து வந்தாள். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக மாமாவிடம் போய், "ஊட்டா ஆய்த்தா தாத்தா?" என்றாள். சாப்பிட்டாயிற்றா என்று பெங்களூரில் பார்க்கிற எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான். மாமா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு என்ன சாப்பிட்டார், அதில் உப்பு எவ்வளவு, முன்பெல்லாம் எப்படிச் சாப்பிடுவார் என்று கன்னடத்தில் ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. அடேயப்பா, என்ன நடிப்பு என்று நான் வியந்து நின்றேன்.

நானும் சளைக்கவில்லை. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மூன்று வரியையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். (படிவத்தில் அதற்குத் தனியாக இரண்டு மதிப்பெண்.)

கூடத்தில் நான்கு பெரியவர்கள் குறுக்கெழுத்துப் புதிரை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா எட்டிப் பார்த்து, "ஏழாவது கட்டம் தப்பு" என்றார். ஒருவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவ்வளவுதான், மாமா உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறை, கழிப்பறை, கைப்பிடிக் கம்பி எல்லாம் சோதித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தால் மாமாவே விண்ணப்பத்தைக் குண்டு குண்டான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தார். நான் கிளம்புகிற அவசரத்தில் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அன்று இரவே அந்த இல்லத்துக்கு முழு மதிப்பெண் போட்டு அறிக்கை அனுப்பினேன்.

மறுநாள் காலை ஸ்ரீராம்புரத்திலிருந்து மெட்ரோவில் இரண்டு வண்டி மாறி வந்து கதவை இடித்தார் என் நாத்தனார் விஜி.

"எங்கப்பாவை எங்கடி கொண்டுபோய்த் தள்ளப் பாத்தே?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வேலையின் ரகசியம், கையெழுத்து எல்லாம் காற்றில் போனது.

"ஐயோ அண்ணி, அது சும்மா நடிப்பு! சனிக்கிழமை நான் பாக்கிற வேலையே அதுதான்."

"நடிப்பா? விண்ணப்பத்துல என் நம்பர் இருக்குதாம். ஒண்ணாந்தேதி உங்கப்பா குடி வர்றாராமே, ரூம் தயாருன்னு ஒரு பொண்ணு போன் பண்றா. குத்துக்கல்லாட்டம் மகள் நான் இருக்கேன்!"

என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. நான் மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன். நடிப்புதானே?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"நீ நடிச்சேம்மா. நல்லாவே நடிச்சே. நான் நடிக்கல."

அவரே தொடர்ந்தார். "இங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல. சுதா என்னை நல்லாத்தான் பாத்துக்கிறா. ஆனா பகல்ல என்கிட்ட பேசறது லிஃப்ட் ஒண்ணுதான். அதுவும் மாடி நம்பரைத் தவிர வேற எதுவும் சொல்றதில்ல. விஜி, உன் வீட்லயும் எல்லாரும் வேலைக்குப் போறவங்கதானே?"

அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார். கணவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் மாமாவின் காலடியில் உட்கார்ந்து, வேலையை விட்டுவிடுகிறேன் மாமா, போகாதீர்கள் என்றேன். விட முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "பைத்தியம்" என்று என் தலையில் கைவைத்தார். ஒன்றாம் தேதி இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிப் போனார்.

சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? சுதா வேவு பார்க்கப் போனால் வீட்டில் ஒரு ஆள் குறையும் என்று கல்யாண வீடுகளில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த வேலையை அதோடு விட்டேன். கூட்டாளி இல்லாமல் எந்தக் கடைக்குள் நுழைவது?

முதல் தடவை அவரைப் பார்க்கப் போக எனக்குத் தாமதமாகிவிட்டது. ஆபீஸ், பையனின் பரீட்சை, மழை என்று காரணங்களுக்கா பஞ்சம்! போனதும் பக்கத்து அறைப் பெரியவரிடம், "இவதான் எனக்கு இந்த இடத்தைப் பாத்துக் குடுத்தவ" என்று பெருமையாக அறிமுகம் செய்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் பழைய படிவம்தான், சிவப்பு மையில் நிரப்பியிருந்தது.

"சிரித்தாரா: சிரித்தார். உடை: இஸ்திரி இல்லை. கொண்டுவந்த பொருள்: முறுக்கு, நமத்தது. காத்திருந்த நேரம்: பதினொரு நாள்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பும்போது வண்டியில் வழியெல்லாம் அழுதேன்.

எங்கள் வீட்டில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும் "பதினொரு நாளா?" என்றுதான் கேட்பது. நான் ஆபீஸிலிருந்து நேரங்கழித்து வந்தால் பையன்கூட அப்படித்தான் கேட்கிறான். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட நான் தவறவிட்டதில்லை. மாமாவும் தவறாமல் படிவம் நிரப்பி வைத்திருக்கிறார். முறுக்குக்கு இப்போதெல்லாம் முழு மதிப்பெண். காத்திருந்த நேரம் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஏழு நாள்.