நியூயார்க் அண்ணாச்சி சொன்ன வீடு

தென்காசி தாலுகா முழுவதிலும் நியூயார்க் நகரத்தைச் சந்துபொந்து விடாமல் அறிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மேற்கே செங்கோட்டை, வடக்கே கடையநல்லூர், இந்த இரண்டையும் தாண்டி அவர் எந்தக் காலத்திலும் போனதில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. ‘நியூயார்க் அண்ணாச்சி, தென்காசி’ என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டால் கடிதம் அவர் கைக்கு வந்துவிடும். ஒரு கடிதமாவது வழிதப்பி அமெரிக்காவுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

தொழில், குற்றாலத்தில் சீசன் வீடு பிடித்துக் கொடுப்பது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் தென்காசி ரயிலடியில் குடையோடு நிற்பார். மதுரைப் பக்கத்து வக்கீல், தூத்துக்குடி வியாபாரி என்று யார் குடும்பத்தோடு இறங்கினாலும் சரி, ‘உங்களுக்கு எந்த மாதிரி வீடு வேணும்’ என்று கேட்கவே மாட்டார். எத்தனை பேர், எத்தனை பேருக்கு மூட்டுவலி, குழந்தை பகலில் தூங்குமா, ஐயா குறட்டை விடுவாரா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு வீட்டை அவரே தீர்மானம் செய்துவிடுவார்.

மெயின் அருவிக்குப் பக்கத்தில் வீடு எடுப்பவன் விவரம் கெட்டவன் என்பது அவர் சித்தாந்தம். வாடகை இரட்டிப்பு, இரைச்சல், குரங்கு, போதாக்குறைக்கு ஈரம். இலஞ்சிப் பக்கம் பாதி வாடகைக்கு வீடு கிடைக்கும், குதிரை வண்டி ஏறினால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அருவி வந்துவிடும் என்பார். இதைக் கேட்காமல் ஒரு மில் முதலாளி அருவிக்கரையிலேயேதான் இருப்பேன் என்று அடம்பிடித்து வீடெடுத்தார். மூன்றாம் நாள் ஏழு வேட்டியும் காயாமல் கொடியில் தொங்க, கம்பளிப் போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். அண்ணாச்சி ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. தன் வேட்டி ஒன்றைக் கொடுத்து, இலஞ்சிக்கு அழைத்துப் போனார்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். சீசன் தொடங்குவதற்கு முன்னால், தாம் வாடகைக்கு விடப்போகும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பகல் படுத்துத் தூங்கிப் பார்ப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தூங்கி எழுந்தபிறகுதான் தீர்ப்பு. “மூணு மணிக்குச் சரியா இடது தொடையில சொட்டுது. ஓட்டை மாத்தும். அதுக்கு முந்தி ஆள் அனுப்ப மாட்டேன்” என்று ஒரு பெரிய மனிதரின் பங்களாவைப் பற்றிப் பத்துப் பேர் முன்னால் சொன்னார். பங்களாக்காரர் குதி குதி என்று குதித்தார். அண்ணாச்சி அசையவில்லை. கடைசியில் ஓடுதான் மாறியது. படுத்துப் பார்க்காத வீட்டுக்கு ஆள் அனுப்புவதைவிடப் பிச்சை எடுக்கலாம் என்று சொல்லும் மனிதர் அவர்.

சரி, நியூயார்க் எங்கிருந்து வந்தது? ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் சாமான்களை ஏலம் விட்டபோது அண்ணாச்சி ஒரு அலமாரி எடுத்தார். அலமாரிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. கையில் அதிகம் காசில்லாமல் நியூயார்க் பார்க்கப் போகிறவன் எந்தப் பேட்டையில் தங்கலாம், எந்தத் தெருவில் என்ன வாடகை, எந்தப் போர்டிங் வீட்டில் வெந்நீர் உண்டு என்று படத்தோடு போட்ட புத்தகம். தன்னைப்போல ஒரு தரகன் உலகத்தின் அந்தப் பக்கத்திலும் இருக்கிறான் என்று அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, பத்து வருஷத்தில் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

“தெருவுக்குப் பேரு வைக்காம நம்பர் போட்டிருக்கான் பாத்தியா. இன்ன சாதித் தெருன்னு ஒருத்தனும் சண்டைக்கு வர முடியாது” என்று அந்த ஊரைப் புகழ்வார். அந்த ஊரில் மன்ஹாட்டன் பேட்டை என்றால் நம் மெயின் அருவி, புரூக்ளின் பேட்டை என்றால் இலஞ்சி. நடுவில் ஆறு, ஆற்றுக்கு மேல் பாலம், பாலம் தாண்டினால் வாடகை பாதி. காப்பிக் கடையில் இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த தெருவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

நான் அப்போது ஒரு நிலாவாரை வியாபாரியிடம் குமாஸ்தா. நிலாவாரை என்பது பேதிக்குக் கொடுக்கிற இலை. நம் கரிசல் காட்டில் விளைந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, அமெரிக்காக்காரன் வயிற்றைச் சுத்தம் செய்யப் போகும். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்தைய ஒரு வருஷம், நியூயார்க் வியாபாரி இலையில் மண் இருக்கிறது என்று சரக்கை எடுக்க மறுத்துவிட்டான். யாராவது நேரில் போய் மாதிரியைக் காட்டிப் பேசவேண்டும். முதலாளியின் கண் என்மேல் விழுந்தது. இங்கிலீஷ் தெரிந்தவன், அதோடு பெண்டாட்டி போய்ச் சேர்ந்த தனிக்கட்டை, கடலில் விழுந்தால் கேட்க ஆளில்லை. பன்னிரண்டு நாள் அங்கே இருக்கவேண்டும், கொடுத்த படிப்பணத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் மதுரையில் இரண்டு நாள் தங்குவதற்கே நாலு பேரிடம் யோசனை கேட்கும் ஆள்.

அண்ணாச்சியிடம் போனேன். எல்லாம் சொன்னார். தலைக்கு மேலே ரயில் ஓடும் தெருவில் வாடகை கம்மி, ஆனால் அங்கே எடுக்காதே, இரண்டு தெரு தள்ளிப் பிடி. மாடி ஏற ஏற வாடகை இறங்கும், உனக்கு முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பகல் படுத்துப் பார் என்று மூன்று தடவை சொன்னார். கடைசியில் புரூக்ளினில் ஒரு விதவைத் துரைசானி நடத்தும் போர்டிங் வீட்டின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

ரயிலடித் தெரு ஜவுளிக்கடைக்காரர் விஷயத்தை ஊரெல்லாம் பரப்பினார். அவருக்குக் குற்றாலத்தில் இரண்டு வீடு. ஒன்றில் மூட்டைப்பூச்சி என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து தீராத காந்தல். “இவரு போயிட்டு வரட்டும். அண்ணாச்சி வண்டவாளம் தெரிஞ்சிரும். அமெரிக்கா பொய்யின்னா குத்தாலமும் பொய்தானவே” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். துணி எடுக்க வந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். என் பெட்டியில் நிலாவாரையோடு அண்ணாச்சியின் மானமும் சேர்ந்து கப்பலேறியது.

கதையைச் சுருக்குகிறேன். கொழும்பு, லண்டன், நியூயார்க். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. பாலம் தாண்டி, குளிரில் பல் கிட்டிக்க, விலாசத்துக்குப் போய் நின்றேன். நம்பர் சரி, தெரு சரி, வீட்டைக் காணோம். அந்த இடத்தில் மோட்டார் நிறுத்தும் கொட்டகை இருந்தது. உள்ளே இருந்த ஆள், தான் பிறப்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டை இடித்துவிட்டார்கள் என்றான். அட கடவுளே, புத்தகம் எந்த வருஷத்துப் புத்தகம் என்று நாங்கள் ஒருத்தரும் பார்க்கவில்லையே! நடுத்தெருவில் பெட்டியோடு நிற்கிறேன், என் கதி என்ன என்றுதானே எனக்குத் தோன்றவேண்டும்? ஜவுளிக்கடைக்காரரின் சிரிப்புத்தான் கண்முன்னால் வந்தது.

வேறு வழி தெரியவில்லை. தலைக்கு மேலே ஓடும் ரயிலைக் கண்டுபிடித்து, இரண்டு தெரு தள்ளிப் போய், ‘வாடகைக்கு அறை’ என்று அட்டை தொங்கிய வீட்டின் கதவைத் தட்டினேன். பணம் தருவதற்கு முன் உங்கள் கட்டிலில் கொஞ்சநேரம் தூங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கதவு மூக்கில் இடிப்பதுபோல மூடிக்கொண்டது. அடுத்த வீட்டு அம்மாள் கதவை மூடவில்லை, போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

வந்தவன் ஆறடிக்கு மேல். பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது என்ன இலை என்று அதட்டினான். இன்ன சமாசாரத்துக்கு என்று வயிற்றைத் தொட்டுக் காட்டி விளக்கினேன். கொஞ்சநேரம் யோசித்தான். அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, நாலு நாளாகத் தனக்கு ஒன்றும் சரியாக இல்லை என்றான். ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அவனே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனான். அவளும் அறை வாடகைக்கு விடுகிறவள்தான்.

நாலாவது மாடி. நான் கட்டிலில் படுத்தேன். அத்தைக்காரி வாசலில் நாற்காலி போட்டு என்னைக் காவல் காத்தாள். இரண்டு மாதக் கப்பல் அலுப்பு, மூன்று மணிநேரம் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினேன். எழுந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. இருபது வருஷமாக வாடகைக்கு விடுகிறாளாம், தன் கட்டிலை இவ்வளவு மரியாதையாகச் சோதித்தவர் யாரும் இல்லையாம். வாடகையைத் தானாகவே குறைத்தாள். பன்னிரண்டு நாளும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் சமைத்துப் போட்டாள். சரக்கும் ஒருவழியாகக் கைமாறியது.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் செய்த ஒரே காரியம் பொய் தயாரித்ததுதான். அண்ணாச்சி சொன்ன வீடு சிவப்புக் கல் வீடு, வாசலில் ஏழு படி, துரைசானிக்கு வயது எழுபது, பூந்தொட்டி இரண்டு என்று நடுக்கடலில் ஒரு வீட்டையே கட்டி முடித்தேன். ரயில் தென்காசியில் நின்றபோது ஜவுளிக்கடைக்காரர் பத்துப் பேரோடு நின்றார். அண்ணாச்சி தள்ளி நின்றார், ஆள் பாதியாக இளைத்திருந்தார். நான் பெட்டியை இறக்குமுன் ஜவுளிக்கடைக்காரர் கேட்டுவிட்டார், அண்ணாச்சி சொன்ன வீடு இருந்ததா என்று. சொன்னது சொன்னபடி அப்படியே இருந்தது என்றேன். ஜவுளிக்கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. அண்ணாச்சி முகத்திலும் சிரிப்பைக் காணோம்.

மறுநாள் காலையில் கூப்பிட்டு அனுப்பினார். படி எந்தப் பக்கம், வெந்நீர் எத்தனை மணிக்கு, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று துருவித்துருவிக் கேட்டார். நானும் விடாமல் அளந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரு துண்டுத்தாளை எடுத்தார்.

“மதுரை டாக்டர் ஒருத்தரு மகன் அடுத்த மாசம் அங்கன படிக்கப் போறானாம். பொண்டாட்டி, கைப்பிள்ளையோட போறான். வீடு கேட்டு எழுதியிருக்காரு. இந்த வீட்டையே எழுதிப் போட்டுருதேன்.”

கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்த மோட்டார் கொட்டகை வாசலில் நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அண்ணாச்சி என்னை ‘தம்பி’ என்று மட்டும்தான் கூப்பிடுவார். அன்றைக்கு முதல்தடவையாக, “ஏலே” என்றார். “வீடு இடிஞ்சா இடிஞ்சுட்டுப் போகுது. வருஷா வருஷம் மழைக்குக் குத்தாலத்துல எத்தனை சுவரு விழுது. இல்லாத வீட்ட இருக்குன்னு சொல்லலாமாலே? அந்தப் பிள்ளை குளிர்ல நின்னா யாரு பொறுப்பு?”

எதற்காகப் பொய் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும். குடையை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நேரே ஜவுளிக்கடைக்கு இழுத்துப் போனார். துணி எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று, தான் சொன்ன வீடு அங்கே இல்லை, தன் புத்தகம் பழைய புத்தகம், இந்தத் தம்பி தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறான் என்று கணீரென்று அறிவித்தார். ஐந்து மாதமாக இந்த ஒரு நிமிஷத்துக்காகவே காத்திருந்த ஜவுளிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி வரவழைத்தார். ஆவணியில் தன் மகள் மாமனார் வீட்டு ஆட்கள் வருகிறார்கள், அண்ணாச்சிதான் வீடு பார்த்துத் தரவேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். உம்ம மூட்டைப்பூச்சி வீடு மட்டும் வேண்டாம், வேறு பார்ப்போம் என்றார் அண்ணாச்சி.

கடையைவிட்டு வெளியே வந்தோம். வெயிலோடு சாரலும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் குடையை விரிக்கவில்லை.

“அந்த அத்தைக்காரி வீட்ட டாக்டருக்கு எழுதிருதேன். அதுல நீ படுத்துப் பாத்தேல்ல?”

“பன்னெண்டு நாள் படுத்தேன் அண்ணாச்சி. நல்ல கட்டில்.”

“அது போதும்” என்றவர் கொஞ்சதூரம் நடந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “நான் படுத்துப் பாக்காத வீட்டுக்கு ஒரு ஆள அனுப்புனது அது ஒண்ணுதான் தம்பி. வண்டி கெளம்புன பொறவுதான் ஒறைச்சுது. இந்த அஞ்சு மாசமும் பாயில சாஞ்சா, நீ எங்கன கெடக்கியோன்னுதான் வருது. கண்ண மூட முடியல.”

போனால் கேட்க ஆளில்லை என்று கப்பலேற்றிவிடப்பட்டவன் நான். ரோட்டு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை எழுதும்போதும் அழுகைதான் வருகிறது.