கோலாட்ட டப்பா

பாதி காதுல விழுந்தா மீதியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. வாயைத் திறந்தா வேலை நின்னுடும்னு நினைக்கிற ஆள் நான். (வீட்ல இதுக்கு வேற பேரு வெச்சிருக்காங்க.)

அப்போ ஒரகடத்துல ஒரு சின்னப் பட்டறையில பாலிஷ் போடுற வேலை. கான்ட்ராக்ட். படப்பையில பொண்ணு பார்த்து, பிடிச்சும் போச்சு. பொண்ணோட அப்பா மட்டும், "வேலை பர்மனெண்ட் ஆனா ஒரு மிஸ்டு கால் குடுங்க மாப்ளே"ன்னுட்டார்.

அந்த நேரத்துல ஒரு டப்பா வந்துச்சு. வழக்கமா வர்ற கார் பார்ட்ஸ் இல்லை. சோத்துப் பானை அளவுல ஸ்டீல், சுத்திலும் வட்ட வட்டமா ஜன்னல். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவுல முதலாளி கத்தினார்.

"கோலாட்டத்துக்குடா. உள்ள சுத்தமா இருக்கணும். மேடம் வந்து ஓகே சொன்னா நீ பர்மனெண்ட்."

யோசிச்சேன். நடுவுல டப்பா, உள்ளே பல்பு. ஜன்னல் வழியா வெளிச்சம் வரும். சுத்தி நின்னு பொண்ணுங்க கோல் அடிப்பாங்க. எல்லாம் பொருந்துச்சு.

மேடைக்குப் போற சாமான் மினுக்கணும். வெளியே பாலிஷ் போட்டேன். உள்ளே மிஷின் போகலை. துணியில தேங்காயெண்ணெய் தொட்டு, கையை விட்டு மூலை மூலையாத் தேய்ச்சேன். முகம் தெரிஞ்சுது. (படப்பைப் பொண்ணு முகம்னு நினைச்சுக்கிட்டேன்.)

மேடம் வந்தாங்க. ஆராய்ச்சி பண்றவங்க, சின்ன வயசு. கையுறை மாட்டி, டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தாங்க. மோந்தாங்க.

"என்ன வாசனை இது?"

"தேங்காயெண்ணெய் மேடம். செக்குல ஆட்டினது."

அவங்க ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க.

"இன்னாடா பண்ணி வெச்சுகீற?"ன்னார் முதலாளி.

"கோலாட்டத்துக்குதானே அண்ணே. பளபளன்னு இருக்கட்டுமேன்னு."

"எந்தக் கோலாட்டம்?"னு மேடம் கேட்டாங்க.

பல்பு, பொண்ணுங்க, எல்லாத்தையும் சொன்னேன். அவ்ளோ நீளமா நான் பேசினது அன்னிக்குத்தான்.

மேடம் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அது கோல்டு ஆட்டமாம். கோல்டுன்னா குளிர், ஆட்டம்னா அணு. டப்பாக்குள்ள காத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, கொஞ்சம் அணுவை மட்டும் விட்டு, பயங்கரமா குளிர வைப்பாங்களாம். எண்ணெய்ப் பசை இருந்தா ஆவி வந்துக்கிட்டே இருக்கும், உள்ளே காலியே ஆகாது. (விரல் ரேகை பட்டாலே கெட்டுச்சாம். நான் முழங்கை வரைக்கும் விட்டிருந்தேன்.)

"குளிர வெச்சு என்ன பண்ணுவீங்க மேடம்?"

"லேசர் வெளிச்சத்தால குழி குழியா செஞ்சு அணுவை உட்கார வைப்போம். கும்பலா இருக்கிறப்ப ஒண்ணுக்கொண்ணு எப்படி வழி விடுது, எப்படித் தாவுதுன்னு பார்ப்போம். உலோகத்துக்குள்ள எலெக்ட்ரான் பண்றதை இதுங்க நடிச்சுக் காட்டும்."

"அப்போ ஆட்டம்தானே மேடம்."

முதலாளி என் காலை மிதிச்சார். மேடம் சிரிச்சுட்டாங்க. அப்புறம், "கழுவிக் குடுங்க"ன்னாங்க.

சோப்பு, வெந்நீர், அவங்க குடுத்த ஏதோ மருந்துத் தண்ணி. கையுறையோட கழுவினேன். மேடம் திரும்ப வந்து மோந்து பார்த்து, எடுத்துட்டுப் போனாங்க. கடைசியில மேடம்கிட்டேருந்து போன் வந்துச்சு. பம்பு போட்டாச்சாம், உள்ளே நல்லா காலியாயிடுச்சாம்.

"பொயச்சடா, நீ பர்மனெண்ட்"ன்னார் முதலாளி.

படப்பைக்கு மிஸ்டு கால் குடுத்தேன். மாமனார் உடனே கூப்பிட்டார். "ஏன் மாப்ளே இவ்ளோ லேட்டு?"ன்னு கேட்டார். உண்மையைச் சொல்லிட்டேன். அவர் அதை நிச்சயதார்த்தத்துல மைக்ல சொன்னார்.

இப்போ மகளுக்குத் தலை வார நான் எண்ணெய் பாட்டிலை எடுத்தா, என் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்குவா.

"இருங்க. மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன்."